துருவும் பூட்டும்

குளிர்காலத்தில் விடியற்காலையில் அல்விசோ பக்கம் வளைகுடா ஓரமாக நடக்கப் போனால், சில நாள் தூரத்தில் 'டப், டப்' என்று சத்தம் கேட்கும். பட்டாசு இல்லை, வாத்து வேட்டை. டான் எட்வர்ட்ஸ் வனவிலங்குப் புகலிடத்தின் சில குளங்களில் சீசன் நேரத்தில் உரிமம் உள்ளவர்கள் வாத்து சுடலாம். சன்னிவேலிலிருந்து கொஞ்ச நேர டிரைவ்தான். சுட்டு முடித்ததும் அந்தத் துப்பாக்கிகள் வீட்டுக்குத்தானே திரும்பும்? அதில் ஒன்று நம்ம பிள்ளைகள் விளையாடப் போகிற வீடாகவும் இருக்கலாம்.

இது 'அவங்க' விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ப் பழகி, அப்புறம் வேட்டைப் பயிற்சி வகுப்பு, அப்புறம் சொந்தமாக ஒரு ரைஃபிள் என்று போகிற நம்ம ஆட்களும் இருக்கிறார்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு: செல்லுபடியாகும் வேட்டை உரிமம். பலர் அந்த வகுப்புக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். விசா விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

துப்பாக்கியைப் பராமரிப்பது என்றால் நம்ம ஊர்ப் பக்கம் முதல் அர்த்தம் துருவோடு சண்டை போடுவதுதான். பக்கத்துக் குடகில் இதை ஒரு பண்டிகையாகவே வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில், நடவு வேலை முடிந்து மழை ஓய்கிற நேரத்தில் வருவது கயில்பொல்து. ஆயுதங்களைச் சுத்தம் செய்து, பூஜையில் வைத்து, செங்காந்தள் பூவால் அலங்கரிப்பார்கள். நம்ம மாநிலப் பூவேதான்! கொடவ மொழியில் அதற்குப் பெயரே 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ. பிரிட்டிஷ் காலத்திலிருந்தே கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

அந்தப் பண்டிகை மழைக்காலத்தின் முடிவில் வருவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இரும்புக்கு ஈரம் எமன். கை வியர்வையில் இருக்கும் உப்பு போதும், கைரேகை பட்ட இடத்தில் அப்படியே துரு பிடிக்கும். தோல் உறையும் கான்வாஸ் உறையும் கொண்டு போக நல்லது, வைத்திருக்க ஆகாது. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மரக்கட்டை ஈரத்தில் ஊதிக் குழலை அழுத்தினால் குறி தவறும். தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் மூக்குக்கண்ணாடி மாதிரி குழலும் வியர்க்கும்.

வெடித்த மருந்தின் மிச்சம் இன்னும் மோசம். கருமருந்தின் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பழைய காலத்துத் தோட்டாக்களின் கேப்பிலிருந்து வருவது பொட்டாசியம் குளோரைடு, கிட்டத்தட்ட சமையல் உப்பின் தம்பி. உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் முதலில் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். சூடேறிய குழல் சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கப்புறம்தான் துணி, லேசாக எண்ணெய். எண்ணெயை வழிய வழிய விட்டால் கட்டையில் ஊறி மரம் கெடும். அடுத்த முறை சுடுவதற்கு முன் குழலைத் துடைக்கவும் மறக்கக்கூடாது.

தமிழ்நாட்டில் இந்தக் கைப்பக்குவம் நரிக்குறவர்களிடம் இருந்தது. வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுடையது. அந்த வகைத் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்று திறந்து பார்க்க முடியாது. கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்குக் கதவை அடைத்தன. அந்தக் கைகள் பாசிமணி கோக்கப் போய்விட்டன. பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைக்க 2023 ஆகிவிட்டது.

சன்னிவேலின் காய்ந்த கோடையில் துரு அவ்வளவு பெரிய எதிரி இல்லை. உப்புக் குளத்துப் பக்கம் போய் வந்தால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே பராமரிப்பின் முதல் அர்த்தம் பூட்டு. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். அதுவரை வாகன விபத்து. அதில் பிள்ளைகள் தெரியாமல் எடுத்து விளையாடிச் சுட்டுக்கொள்வது சிறு பங்கு. கொலையும் தற்கொலையுமே அதிகம். மார்க், காலேஜ், தனிமை என்று ஒரு டீனேஜ் பிள்ளை உடைந்துபோகிற அந்தப் பத்து நிமிஷத்தில், நடுவில் ஒரு பூட்டு இருந்தால் உயிர் பிழைக்க நேரம் கிடைக்கும். 'எங்க பையன் தொடவே மாட்டான்' என்று சொல்லாதீர்கள். நாம் பரண் மேல் ஒளித்து வைத்த பலகாரத்தைக் கண்டுபிடிக்காத பிள்ளை உண்டா?

சன்னிவேல் மக்கள் இதை ஓட்டுப் போட்டே சொல்லிவிட்டார்கள். 2013 நவம்பரில் 'மெஷர் சி' நிறைவேறியது. உரிமையாளர் கையில் இல்லாத நேரத்தில் வீட்டிலுள்ள துப்பாக்கி பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும், அல்லது விசைப் பூட்டு போட்டிருக்க வேண்டும். திருட்டுப் போனால் 48 மணி நேரத்தில் போலீசுக்குச் சொல்ல வேண்டும். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கூடாது. மேகசின் தடையை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2015இல் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது.

ரேஞ்சுக்குப் போகும் நண்பர்களுக்கு இன்னொரு விஷயம். அதே முதுகுப்பையை ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும், இந்திய விமான நிலைய ஸ்கேனரில் மாட்டினால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரியாமல் கிடந்தது என்று நிரூபித்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்து வாங்கியவர்கள் உண்டு. ஆனால் மூன்று வார லீவில் முடிகிற வேலையா அது? ரேஞ்சுக்கென்று தனிப் பை வையுங்கள்.

துப்பாக்கியே இல்லாத வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை விளையாட அனுப்பும் முன் நிலக்கடலை அலர்ஜி, நாய், நீச்சல் குளம் எல்லாம் கேட்கிறோம். அதோடு சேர்த்து, 'வீட்ல துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?' என்றும் கேளுங்கள். இப்படிக் கேட்கச் சொல்லி இங்கே 'ஆஸ்க்' என்று ஒரு இயக்கமே நடக்கிறது. கேட்க நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும்; 'அவங்க என்ன நெனைப்பாங்க?' என்று தோன்றும். பொறுப்பாக வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார். பெட்டி எங்கே, சாவி யாரிடம், தோட்டா தனியாக எங்கே என்று அவரே சொல்வார். பதில் மழுப்பலாக வந்தால், 'இந்த வாரம் எங்க வீட்டுக்கு வரட்டுமே' என்று சொல்லிவிடுங்கள். டீயும் முறுக்கும் நம்ம செலவு.