துலாக்கோல் ஒதுங்கி நிற்பதில்லை

சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சியின் தலைவர் அவர்கள் சமூகத்துக்கு,

ஆண்டுக்கொருவராக மாறி அமரும் தங்கள் ஆசனத்தில் இன்று வீற்றிருப்பவர் எவராயினும் அவருக்கே இம்மடல். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தமிழர் பல்லாயிரவருக்குத் தங்கள் நாடு அபயம் அளித்ததை நன்றியோடு நினைப்பவன் நான்; ஆதலால் பகைமையினால் அன்று, கடன்பட்டவனுக்கு உரிய உரிமையினாலேயே எழுதுகிறேன்.

தங்கள் தேசத்தின் கீர்த்திக்குக் காரணம் அதன் நடுநிலைமை. 1815-இல் பாரிஸில் வல்லரசுகள் அதை நிரந்தரமென அங்கீகரித்தன; 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை அதன் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுத்தது. எங்கள் மொழியிலும் இது பழஞ்சொல். வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, துலாக்கோலை அதற்கு உவமையாக்கினார். துலாக்கோலின் பெருமையோ ஒருபக்கம் சாயாமையில் மட்டும் இல்லை. தன் தட்டில் இட்ட எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடுவதில்லை என்பதிலும் இருக்கிறது. நிறுக்க மறுக்கும் கோலை நடுநிலையானது என்று எந்த வணிகனும் சொல்லமாட்டான், பழுதானது என்பான்.

1942 ஆகஸ்டில், மேற்கு ஐரோப்பாவின் யூதர்கள் ரயிலேற்றப்பட்டுக் கிழக்கே கொண்டுபோகப்பட்ட அதே வாரங்களில், இனத்தின் காரணமாக மட்டும் ஓடிவருபவர் அரசியல் அகதிகள் ஆகார் என்ற சுற்றறிக்கை தங்கள் எல்லைக்குச் சென்றது. அம்மாத இறுதியில், நீதிக்கும் காவலுக்கும் பொறுப்பேற்றிருந்த எடுவார்ட் ஃபான் ஸ்டைகர், இடம் குறுகிய உயிர்காப்புப் படகுக்குத் தம் தேசத்தை ஒப்பிட்டுப் பேசினார். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் பகை சூழ நின்ற சிறு நாட்டின் அச்சம் போலியன்று. படகு யாரையும் ஏற்றவில்லை என்பதும் உண்மையன்று, யுத்த காலத்தில் சாதாரண குடிமக்களாகிய அகதிகள் ஏறத்தாழ 50,000 பேர் அங்கே தஞ்சம் பெற்றனர். ஆயினும் அக்காலத்தை ஆராயத் தங்கள் பாராளுமன்றமே 1996-இல் அமைத்த பெர்ஜியே ஆணையம், 20,000-க்கும் மேற்பட்டோர் திருப்பியனுப்பப்பட்டனர் என்று கணித்தது. அந்த எண்ணைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் வாதிடுகிறார்கள். அவர்களுள் பலர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி வாதமில்லை.

போரிடும் அரசுகளுக்கிடையே எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதைத்தான் ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு மலைப்பாதையில் வந்தவன் அரசும் அல்லன், சேனையும் அல்லன். தப்பிவந்த போர்க்கைதியை நடுநிலை நாடு ஏற்குமாயின் அவனைச் சுதந்தரமாக விடவேண்டும் என்றும் அவ்வுடன்படிக்கை விதிக்கிறது. சிப்பாய்க்குக் கிட்டிய இந்தத் தாட்சண்யம் ஆயுதமே ஏந்தாதவனுக்குக் கிட்டாமற்போனது நடுநிலைச் சட்டத்தால் அன்று. வேடிக்கை பார்ப்பவன் என்று நாம் சொல்லக்கூடியவன் கையில் கதவு இல்லாதவன். தாழைக் கையில் வைத்திருப்பவனோ அதை இட்ட கணத்திலேயே கர்த்தாவாகிவிடுகிறான்.

மற்றொரு கதவு அவ்வாண்டுகளில் திறந்தே இருந்தது. ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்கிடமிருந்து ஏறத்தாழ 120 கோடி பிராங்க் பெறுமான பொன்னைத் தங்கள் தேசிய வங்கி வாங்கிற்று; பிற நாடுகளின் கருவூலங்களில் கொள்ளையிட்டதும் அதில் கலந்திருந்தமையால், 1946-இல் வாஷிங்டன் உடன்படிக்கைப்படி 25 கோடி பிராங்க் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. பொன்னை நிறுத்து வாங்கத் தயங்காத துலாக்கோல், மனிதன் வந்து நின்றபோது மட்டும் தன் நடுநிலைமையை நினைத்துக்கொண்டது.

அந்தக் கோலைப் பழுதுபார்க்க முயன்றவர் ஒருவர் தங்கள் நாட்டிலேயே இருந்தார். செயின்ட் காலன் மாகாணக் காவல்படைத் தலைவர் பவுல் குரூனிங்கர், யுத்தம் தொடங்க ஓராண்டு இருந்தபோதே, 1938 ஆகஸ்டில் ஆஸ்திரிய அகதிகளுக்கு எல்லை அடைக்கப்பட்ட பின், வந்த தேதியை முன்னதாக எழுதி நூற்றுக்கணக்கானோரை உள்ளே விட்டார். 1939-இல் பதவி பறிபோயிற்று. 1940-இல் பொய் ஆவணம் எழுதியதாகவும் கடமை தவறியதாகவும் தண்டிக்கப்பட்டார். ஓய்வூதியமின்றி வறுமையில் வாழ்ந்து 1972-இல் மறைந்தார். புறாவுக்காகத் தன்னையே துலையில் இட்ட செம்பியன் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அக்கதையை ஓர் அலுவலகத்து மேசையில் நடத்திக் காட்டியவராகவே அவர் தோன்றுகிறார். தசைக்குப் பதிலாகச் சம்பளத்தையும் நற்பெயரையும் தட்டில் வைத்தார், அவ்வளவே.

1995-இல் தங்கள் ஆசனத்திலிருந்த காஸ்பார் வில்லிகர் அக்கால எல்லைக் கொள்கைக்காக மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டில் செயின்ட் காலன் நீதிமன்றம் குரூனிங்கரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தது. அகதிகளுக்கு உதவிய பிறர்மீதிருந்த தண்டனைகளை நீக்கும் சட்டம் 2004-இல் அமலுக்கு வந்தது. இவையெல்லாம் பெருந்தன்மையே. ஆனால் இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்பவன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே பணிவோடு ஒன்று வேண்டுகிறேன். எல்லைக் காவலில் புதிதாகச் சேரும் ஒவ்வோர் இளைஞன் கையிலும் 1940-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ஒன்றாகக் கொடுக்கச் செய்யுங்கள். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை. ஒரே செயலைப் பற்றியவை. அவற்றைப் படித்தவன், நாளை ஒருத்தி குழந்தையோடு எல்லைக் கம்பியருகே வந்து நிற்கும்போது, மேலிடத்து உத்தரவைப் படித்துக் காட்டித் திருப்பியனுப்பிவிட்டு, தான் நடுவில் நின்றதாக நினைத்துக்கொள்ளமாட்டான்.

இங்ஙனம்,
தங்கள் நாட்டின் நலம் நாடும் ஒரு தமிழன்