சீக்கிரம் கிளம்பிய பயிற்சியாளர் யார்? சென்னையின் எப்.சி. ரசிகர்கள் வாக்குவாதம்

தென்காசி, குற்றாலம் டீக்கடைகளில் ஐ.எஸ்.எல். கால்பந்து பேச்சு எழுந்தால், சென்னையின் எப்.சி.யை விட்டு சீக்கிரம் கிளம்பிய பயிற்சியாளர் யார் என்ற வாக்குவாதம் ஓயாது.

2015-ல் கோப்பை வாங்கித் தந்த மட்டராசி என்பார் ஒருவர். 2018-ல் வாங்கித் தந்த கிரகோரி என்பார் மற்றவர். ஆனால் மட்டராசியின் அடுத்த சீசனில் அணிக்கு 7-வது இடம்; கிரகோரிக்கோ கடைசி இடம். இருவருக்கும் வாய்ப்பு கிடைக்காமல் இல்லை.

ஓவன் கோய்ல் கதையே வேற. 2019 டிசம்பரில் வந்து, தத்தளித்த அணியை 2020 மார்ச்சில் இறுதிப்போட்டிக்கே கொண்டு போனார். அதில் ஏ.டி.கே.விடம் 3-1 என தோல்வி. குற்றால சீசன் மாதிரி மூணு மாசம்தான்!

அடுத்து ஜாம்ஷெட்பூர் போய், 2021-22-ல் லீக் கேடயம் வென்றார். அதே சீசனில் சென்னைக்கு 8-வது இடம். 2023-ல் அவர் திரும்பி வந்தும் கோப்பை வரவில்லை. சீக்கிரம் போனவர் கோய்ல்தான்!