வீடு தேடி வந்த காரியாலயம்

மத்திகிரி என்றதும் பழைய தலைமுறையாருக்கு வெள்ளைக்காரர் காலத்துக் கால்நடைப் பண்ணைதான் ஞாபகத்துக்கு வரும். இன்றோ அவ்வூரார் சிலர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். சிலர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூரின் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லை அடைபட்டது, காரியாலயமே வீடு தேடி வந்தது. இது முதலாளிமார் மனமுவந்து கொடுத்த வரமன்று. கொள்ளைநோயின் நிர்ப்பந்தத்தால் வந்தது. ஆயினும் ஆபத்துக்குச் செய்தது மெல்ல மெல்ல வழக்கமாயிற்று. விசேஷப் பொருளாதார மண்டலக் கம்பெனிகளில் பாதிச் சிப்பந்திகள் வரையில் ஓராண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று 2022 ஜூலையில் இந்திய சர்க்கார் விதியே செய்துவிட்டது.

ஆனால் கம்பெனிகளின் மனம் இன்னும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2025-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் காரியாலயத்தில் இருந்தால் போதும் என்று 2020-ல் சொன்ன டி.சி.எஸ். கம்பெனி, 2023-ல் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிற்று. வேறு பல கம்பெனிகள் இரண்டு மூன்று நாள் வந்தால் போதும் என்கின்றன.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்ன? கண்ணெதிரே இராதவன் வேலை செய்யமாட்டான் என்ற சந்தேகமே பெரிதென்று நமக்குத் தோன்றுகிறது. வீட்டில் தொழில் செய்வது நம் தேசத்துக்குப் புதிதா? 1925-ல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கம் நூற்பவளின் தலைமாட்டில் மேஸ்திரியை நிறுத்தவில்லை. நூலைப் பார்த்துக் கூலி கொடுத்தது. வீட்டு வேலைதானே என்று கூலி குறைவாயிருந்ததைக் கண்டு, காந்தியடிகளே 1935-ல் ஜீவனத்துக்குப் போதுமான கூலி தர வேண்டுமென்று வற்புறுத்தினார். இரண்டு பாடங்களும் இன்றைக்கும் பொருந்தும்: வேலையை அளக்க வேண்டும், நாற்காலியை அல்ல, வீட்டில் செய்வதால் வேலையின் மதிப்பும் குறையலாகாது, இரவு பகலென்று நேரமும் நீளலாகாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. டி.வி.எஸ். மோட்டார் சைக்கிளையும் அசோக் லேலண்ட் லாரியையும் திண்ணையில் வைத்துப் பூட்ட முடியாது. கம்ப்யூட்டர்காரருக்கு மிச்சமாகும் பிரயாண நேரம் ஓசூர்த் தொழிலாளிக்குக் கிட்டுவதில்லை. அவருக்குத் தொழிற்சாலைக்கு அருகில் குடக்கூலி கட்டுபடியாகும் வீடும், ஷிப்டுக்கு ஏற்ற பஸ்ஸும் வேண்டும். ஒரே தெருவில் வசிக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கிடைப்பதை முன்னேற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.