பயம் பாடம் நடத்தாது

"ஃபெயில் ஆக்கினால்தான் பிள்ளை படிப்பான்." பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் ஓய்வறையிலும் டீக்கடை பெஞ்சிலும் இந்தப் பேச்சுக்கு மறுப்பே எழுவதில்லை. எட்டாம் வகுப்புவரை ஆல் பாஸ் என்று வந்ததால்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று நன்றாகப் படித்தவர்களும் சேர்ந்து சொல்கிறார்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்த தலைமுறையின் நம்பிக்கை இது. பிரம்பைச் சட்டம் தடுத்த பிறகு அது மதிப்பெண் பட்டியலுக்குள் குடிபுகுந்திருக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது. அதோடு, பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுகிற அநியாயமும் ஆகும்.

கல்வித் தத்துவத்தை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு எந்த ஆசிரியரும் வகுப்புக்குள் நுழைவதில்லை. ஆனாலும் கரும்பலகைக்கு முன் நிற்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தத்துவத்தின்படிதான் நடந்துகொள்கிறார்கள். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிய பிள்ளையை எடுத்துக்கொள்வோம். விரட்டினால்தான் பிள்ளை நகரும் என்று நம்புகிற ஆசிரியர் சிவப்பு மையில் தப்பு போட்டு, பத்து முறை எழுதிவரச் சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறார். புரிந்துகொள்ள நேரமும் துணையும் வேண்டும் என்று நம்புகிற ஆசிரியரோ அந்த 35 எப்படி வந்தது என்று பார்க்கிறார். ஏழிலிருந்து இரண்டை எடுத்திருக்கிறது, ஐந்திலிருந்து இரண்டை எடுத்திருக்கிறது; எங்கும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று பிள்ளை தானாக ஒரு விதி செய்துகொண்டிருக்கிறது. கடன் வாங்குவது பிடிபடவில்லை. ஒரு பத்து என்பது பத்து ஒன்றுகளின் கட்டு என்பதும் பிடிபடவில்லை. அவர் குச்சிக் கட்டுகளை எடுத்து வந்து பிரித்துக் காட்டுகிறார். பிழை ஒன்றுதான். ஆசிரியரின் நம்பிக்கை மாறியதும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற கல்வியே மாறிவிடுகிறது.

பயமே படிக்கவைக்கும் என்போர் அறிவியலையும் துணைக்கு அழைப்பதுண்டு. பரிசும் தண்டனையும்தான் கற்றலின் அச்சாணி என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் அடைத்து நடத்திய சோதனைகளிலிருந்து வந்த கருத்து அது. இன்பம் தரும் செயல் நிலைக்கும், துன்பம் தரும் செயல் மறையும் என்றார் அவர். பிறகு மனிதர்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, 1930-களின் தொடக்கத்தில் அந்த விதியின் இரண்டாம் பாதியை அவரே கைவிட்டார். பரிசு அளவுக்குத் தண்டனை வேலை செய்யவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வழியில் வந்த உளவியலாளர் ஸ்கின்னர் தண்டனையின் வாழ்நாள் எதிர்ப்பாளர். 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் போய்ப் பார்த்து, தான் போட்டது சரியா தவறா என்றுகூடத் தெரியாமல் பிள்ளைகள் காத்திருப்பதைக் கண்டு கலங்கித்தான் அவர் கற்பிக்கும் இயந்திரத்தைச் செய்ய முனைந்தார். தண்டனைவாதிகள் எந்த முன்னோரைக் காட்டுகிறார்களோ, அந்த முன்னோரே அவர்கள் பக்கம் இல்லை.

ஃபெயில் ஆக்கினால் உண்மையில் என்ன நடக்கிறது? அதே வகுப்பு, அதே புத்தகம், பெரும்பாலும் அதே ஆசிரியர், அதே நடை. முதல் வருடம் புரியாத பாடம் அதே குரலில் இரண்டாம் முறை சொல்லப்படுகிறது. கூடப் படித்தவர்கள் மேலே போய்விட, தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டிய கூச்சம் மட்டும்தான் புதிது. அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1996-இல் ஆல் பாஸ் முறையை ஒழித்து, 3, 6, 8 ஆகிய வகுப்புகளில் தேர்ச்சி மதிப்பெண் வைத்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில், நிறுத்திவைக்கப்பட்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வருடம் கழித்தும் முன்னேற்றம் காட்டவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் பின்தங்கினார்கள். எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பள்ளியைவிட்டு நின்றுபோவது கூடியது.

ஃப்ளோரிடா மாநிலத்தை எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். அங்கே 2002-இல் வந்த சட்டப்படி மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறியது உண்மை. ஆனால் அதே சட்டம் கோடை வாசிப்பு முகாமையும், தினமும் தனி வாசிப்பு நேரத்தையும், திறமையான ஆசிரியரையும் சேர்த்தே கட்டாயமாக்கியது. அந்த உதவிகளை இங்கே யாரும் கேட்பதில்லை. ஃபெயிலை மட்டும் கேட்கிறார்கள்.

"நாங்களெல்லாம் அடிவாங்கித்தான் படித்தோம்" என்பது அடுத்த வாதம். அடிவாங்கித் தாக்குப்பிடித்தவர்கள் மட்டும்தான் இன்று மேடையில் இருக்கிறார்கள். நாலாவதில் அடிக்குப் பயந்து மாடு மேய்க்கப் போனவரும், ஆறாவதில் ஃபெயில் ஆனதும் தீப்பெட்டி ஒட்ட உட்காரவைக்கப்பட்ட பெண்ணும் இந்த விவாதத்தில் பேச வரவில்லை. பயம் பலித்ததாகத் தோன்றும் வீடுகளையும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அப்பா பயந்துபோய் ட்யூஷன் வைத்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையைத் தேற்றியது அந்தக் கூடுதல் பாடம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு, பயந்த பிறகு ஓடிப்போய்க் கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர்களின் குமுறலை நான் பொய் என்று தள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க வரவில்லை என்றால் அந்த ஆசிரியர் என்ன செய்வார்? 2024-ஆம் ஆண்டின் ஏசர் கல்விநிலை ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை. நிலைமை கவலைக்குரியதுதான். ஆனால் பழியை ஆல் பாஸ் மீது போடுமுன் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை முழுதாக வாசிக்க வேண்டும். யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று 16-ஆம் பிரிவு சொன்னது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு சொன்னது. தொடர்ச்சியான மதிப்பீடு வேண்டும், பிள்ளை அச்சமின்றிப் படிக்க வேண்டும் என்று 29-ஆம் பிரிவு சொன்னது. அரசுகள் முதலாவதை ஓர் உத்தரவில் நிறைவேற்றின. மற்றவற்றுக்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டும், பயிற்சி வேண்டும், பணம் வேண்டும். அங்கே கை சுருங்கியது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துக்கொண்டு, இடையில் கணக்கெடுப்புக்கும் தேர்தல் வேலைக்கும் ஓடுகிற பள்ளியில் 24-ஆம் பிரிவு காகிதத்தோடு நின்றுவிடும். பாதிச் சட்டத்தை மட்டும் நடத்திவிட்டு, சட்டமே தோற்றது என்றார்கள். 2019-இல் அதைத் திருத்தி 5, 8 வகுப்புகளில் நிறுத்திவைக்கவும் வழிசெய்தார்கள். தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிப்பு வந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது நல்ல முடிவு.

எது பலன் தரும் என்பதும் தெரியாத ரகசியமல்ல. 1968-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் சொன்ன கருத்து எளிமையானது: எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் கற்றல் ஆளுக்கு ஆள் மாறுபடும், எல்லாரும் கற்றாக வேண்டும் என்று முடிவுசெய்தால் நேரமும் உதவியும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு உத்தரப்பிரதேசத்தில் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று நிலை வாரியாகப் பிரித்து முகாம் நடத்தியது. சில வாரங்களிலேயே வாசிப்பு உயர்ந்ததைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் முறையான ஒப்பீட்டு ஆய்வில் உறுதிசெய்தார்கள். தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே சிந்தனையில்தான். உத்தரப்பிரதேச முகாம்களில் யாரும் ஃபெயில் ஆகவில்லை. பிள்ளை நிற்கிற இடத்துக்குப் பாடம் இறங்கிவந்தது.

தேர்வே வேண்டாம் என்பது என் வாதமல்ல. பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று கண்டுபிடிக்கத் தேர்வு கட்டாயம் வேண்டும். கண்டுபிடித்த பிறகு தொடங்கும் வேலை பள்ளியுடையது. ஃபெயில் என்று எழுதுவது அந்த வேலையைச் செய்யாமலே முடித்துக் கணக்கை மூடுவதாகும். ஆகவே பெற்றோர் அடுத்த கூட்டத்தில், இன்னும் கண்டிப்பு வேண்டும் என்று கேட்பதை நிறுத்தட்டும். என் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறாள், அதை யார் சொல்லிக்கொடுப்பார், எந்த நேரத்தில், எத்தனை வாரம் என்று கேட்கட்டும். அந்த ஆசிரியருக்கு வேண்டிய ஆளும் நேரமும் ஏன் தரவில்லை என்று அரசைக் கேட்கட்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத எந்தப் பள்ளிக்கும், எந்த அரசுக்கும் ஒரு பிள்ளையைத் தோற்றவள் என்று அறிவிக்கிற தகுதி கிடையாது.