மேகத்துக்குள் அம்மோனியா



அம்மோனியா என்றதும் நம் பகுதியினருக்கு அச்சமே எழும். 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்த நள்ளிரவில், கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் மக்கள் வீடுகளைவிட்டு ஓடினார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் சபையார் சிலருக்கு அந்த நெடி பழக்கமானது.

அதே வாயுவை விண்ணில் கண்டறிந்த ஒருவரைக் குறித்து இன்று எழுதக் காரணம் உண்டு. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தகப்பனார் என்னிடம், “ஐயா, மகள் வானியற்பியல் படிக்க விரும்புகிறாள். விசுவாசத்தை விட்டுவிடுவாளோ என்று பயமாயிருக்கிறது” என்றார்.

சார்லஸ் டவுன்ஸ் என்பவரை அவருக்கு நினைவூட்டினேன். 1964-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். விண்மீன்களுக்கு இடையே மூலக்கூறுகள் நிலைத்திருப்பது அரிது, வாயு மிக அடர்த்தி குறைந்தது, புற ஊதாக்கதிர் அவற்றைச் சிதைத்துவிடும் என்று வானியலாளர் பலர் எண்ணியிருந்த காலம் அது. டவுன்ஸும் அவருடைய குழுவினரும் 1968-இல் கலிபோர்னியாவின் ஹாட் கிரீக்கில் 6 மீட்டர் தட்டைப் பால்வெளியின் மையப்பகுதியை நோக்கித் திருப்பி, அங்குள்ள அம்மோனியாவைக் கண்டார்கள்.

கண்டது எப்படி? அம்மோனியாவின் நைட்ரஜன் அணு, காற்றில் குடை புரளுவதுபோல், மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் தளத்துக்கு இப்புறமும் அப்புறமும் புரளும். அப்போது ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வானொலி அலை பிறக்கும். விண்மீன்கள் பிறக்கும் மேகங்களின் தூசி கண்ணொளியை மறைக்கும். இந்த அலையையோ தடுக்காது. புற ஊதாக்கதிரிலிருந்து மூலக்கூறுகளைக் காப்பதும் அத்தூசியே. அம்மோனியாவின் வெவ்வேறு அலைகளின் வலிமையை ஒப்பிட்டால் மேகத்தின் வெப்பநிலையே தெரியவரும்: சில இடங்களில் சுழியத்துக்குக் கீழே 260 பாகை அளவு! நம் நாட்டிலும் பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 10.4 மீட்டர் தட்டு ஒன்று மில்லிமீட்டர் அலைகளில் இத்தகைய ஆய்வைச் செய்தது.

இதே டவுன்ஸ், நியூயார்க் ரிவர்சைடு ஆலயத்தின் ஆண்கள் வேதபாட வகுப்பில் அறிவியலையும் சமயத்தையும் பற்றிப் பேசியவர். அப்பேச்சு 1966-இல் கட்டுரையாக வெளிவந்தது. ஆய்வகத்துக்குள் நுழையும்போது விசுவாசத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை.

மேகத்து அம்மோனியாவைக் காட்டித் தேவனை நிரூபிக்க நான் முற்படவில்லை. பிரசங்கபீடத்தில் அப்படிச் செய்வோரைக் கண்டால் எனக்குச் சங்கடமே. ஆனால் கேள்விக்கு அஞ்சும் விசுவாசத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்பு பாடப்புத்தகத்தைப் பழிப்பது நியாயமன்று.

அந்தத் தகப்பனார் இன்னும் முடிவெடுக்கவில்லை. புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குச் செல்கிறேன். இம்முறை மகளையும் உடன் அமரச் சொல்லியிருக்கிறேன்.