நாசா சொல்லாத சேதி

தில்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் கோயில் படியிறங்கி வருகிறவர்களானாலும் சரி, தில்லித் தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்து காபிக்கு நிற்பவர்களானாலும் சரி, கணினி என்று பேச்செடுத்தால் போதும், நாசா வந்துவிடும். "கணினிக்கு ஏத்த மொழி சமஸ்கிருதம்தான், நாசாவே சொல்லியாச்சு" என்பார் ஒருவர். "தமிழைத்தான் சொன்னாங்க சார், இவங்க மாத்திட்டாங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். சண்டை போடுவதாக இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரே பொய்க்கு ஆளுக்கொரு பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள்.

வாட்ஸ்அப்போடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2019 ஆகஸ்டில் மும்பை ஐஐடி பட்டமளிப்பு விழாவில், அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ரமேஷ் பொக்ரியால், பேசும் கணினி வந்தால் அது சமஸ்கிருதத்தால்தான் வரும் என்று நாசா கூறுவதாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் சட்டைப் பையிலேயே ஆங்கிலமும் இந்தியும் பேசும் போன்கள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் மக்களவையில், சமஸ்கிருதம் பேசினால் சர்க்கரை நோய் கட்டுப்படும் என்ற உறுப்பினர் கணேஷ் சிங், அந்த மொழியில் நிரல் எழுதினால் பிழையே வராது என்பதையும் நாசாவின் கணக்கில் எழுதினார்.

இத்தனைக்கும் மூலம் ஒரே ஒரு கட்டுரை. 1985இல் 'ஏஐ மேகஸின்' இதழில் ரிக் பிரிக்ஸ் எழுதியது. நாசாவின் ஏம்ஸ் வளாகத்தில் இயங்கிய ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவர் வேலை பார்த்தார். நாசாவுக்கும் அந்தக் கருத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தின் பொருளை, யார் செய்தார், எதைச் செய்தார், எதனால் செய்தார் என்று பிரித்துக் காட்டச் சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் கையாண்ட முறை, அன்றைய செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் வரைந்த பொருள்வலைகளை ஒத்திருக்கிறது என்றார் பிரிக்ஸ். நல்ல கவனிப்பு. சாஸ்திர விவாதத்துக்கென்று இறுக்கிக் கட்டிய நடையைப் பற்றிய கவனிப்பு. நாசா இனிமேல் சமஸ்கிருதத்தில் நிரல் எழுதும் என்று அதில் எங்கே இருக்கிறது?

பாணினியைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. சுமார் 4000 சூத்திரங்களில் ஒரு மொழியின் சொல்லாக்கம் முழுவதையும் அடக்கியவர். ஆல்கால் நிரல்மொழியின் இலக்கணத்தை எழுதப் பயன்பட்ட பேக்கஸ் குறிமுறையில் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று இங்கர்மன் என்ற கணினியாளர் 1967இல் கேட்டார். ஆனால் அந்தப் பெருமை இலக்கணம் எழுதியவருக்குச் சேர வேண்டியது. சாந்தினி சௌக்குக்கு அருமையான வரைபடம் போட்டுவிட்டால் அதன் சந்துகள் நேராகிவிடுமா? கான்பூர் ஐஐடியில் ராஜீவ் சங்கலும் வினீத் சைதன்யாவும் யார், எதை, எதனால் என்று சொற்களை வினையோடு இணைத்துக் காட்டும் பாணினியின் காரகக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு இன்றைய இந்திய மொழிகளைக் கணினியில் அலசினார்கள். 1995இல் அதைப் புத்தகமாகவும் போட்டார்கள். இந்திக்கும் தெலுங்குக்கும் பொருந்துகிற முறை சமஸ்கிருதத்தின் தனிச்சொத்தாக எப்படி இருக்க முடியும்?

'இரட்டைப் பொருளுக்கு இடமே தராத மொழி' என்று வேறு சொல்கிறார்கள். ஒரே செய்யுளில் இராமன் கதையும் பாண்டவர் கதையும் சேர்ந்தே ஓடுகிற 'ராகவபாண்டவீயம்' எந்த மொழியில் எழுதப்பட்டதாம்? தமிழர் பக்கம் காளமேகம் நிற்கிறார், பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்துவிட்டு. சிலேடையைக் கொண்டாடுகிற இரண்டு மொழிகளை ஐயத்துக்கு இடமற்றவை என்று சொல்வது அந்தப் புலவர்களுக்கே அவமானம். சமஸ்கிருதச் சந்தியைப் பிரித்துச் சொற்களைத் தனித்தனியாக எடுப்பதற்கே பிரான்சில் ஜெரார் ஊவே போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

தமிழ்க் கட்சிக்கு வருவோம். 'விகுதி மேல் விகுதி ஒழுங்காக ஒட்டும் மொழி, 247 எழுத்தும் கட்டம் போட்டாற்போல் அடங்கும், ஆகவே கணினிக்கென்றே பிறந்தது.' கணினிக்கு இந்த ஒழுங்கு தெரியவே தெரியாது. இந்திய எழுத்துகளுக்கான 1988இன் இஸ்கி குறியீட்டுத் தரத்தை ஒட்டி 1991இல் யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, 'கி' என்ற ஓரெழுத்து இரண்டு குறியீடாயிற்று. இன்று இணையத்தில் 'தமிழ்' என்று எழுத 15 பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5. எழுத்துக்கு ஒரு குறியீடு தரும் டேஸ் 16 முறைக்குத் தமிழக அரசு 2010இல் ஒப்புதல் தந்தது. உலகம் யூனிகோடிலேயே நின்றுவிட்டது. ஒரு மொழி கணினியில் எப்படி உட்காருகிறது என்பது குழுக்களில் முடிவாகிறது.

எந்திரங்கள் மொழி கற்ற வழியும் வேறு. 1990 வாக்கில் ஐபிஎம் ஆய்வாளர்கள் கனடா நாடாளுமன்றத்தின் ஆங்கில, பிரெஞ்சு நடவடிக்கைக் குறிப்புகளைக் கணினிக்குக் கொடுத்து, எண்ணிக்கைக் கணக்கை வைத்தே மொழிபெயர்க்கப் பழக்கினார்கள். இன்றைய உரையாடும் எந்திரங்களும் மலைமலையாக எழுத்தைப் படித்தே தேறியவை. ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டலுக்குப் பெயர்போன ஆங்கிலம் முன்னால் நிற்பதற்கு, அதில் எழுத்து குவிந்து கிடப்பதுதான் காரணம். 2011 கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்றவர்கள் 24,821 பேர். தமிழ் என்றவர்கள் சுமார் 6.9 கோடி. நமக்கு வாய் நிறைய இருக்கிறது, பதிவுதான் இல்லை.

பதிவு என்றால் எந்தத் தமிழ்? ஆர்.கே.புரம் செக்டர் 4இல் ஒரு பாட்டி, "சப்ஜிவாலா வந்துட்டானான்னு பாரு, தனியா கேட்டு வாங்கு" என்கிறாள். பேத்திக்குப் புரிந்துவிடுகிறது. கொத்தமல்லி இலையா, விதையா, தனியே போய்க் கேட்பதா என்று எந்திரம் விழிக்கும். நாம் எழுதி வைத்திருப்பதெல்லாம் 'வந்துவிட்டானா' தமிழ். நாள் முழுக்கப் பேசுவது 'வந்துட்டானா' தமிழ், தில்லியில் அதற்குள் இந்தியும் கொஞ்சம். 1961இல் அமைந்த அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் இதே ஆர்.கே.புரத்து வெஸ்ட் பிளாக்கில் நெடுங்காலம் இயங்கி, லட்சக்கணக்கில் சொற்களை ஆக்கித் தந்தது. வேண்டிய வேலைதான். ஆனால் எந்திரம் அகராதியைப் பார்த்துப் பேசப் பழகாது. அந்தப் பாட்டியின் குரல் அதற்கு வேண்டும்.

பிறவியிலேயே கணினிக்கு ஏற்ற மொழி என்று நம்புகிறவன் அந்தக் குரலைப் பதியப் போகமாட்டான். இந்த நம்பிக்கையின் ஆகப்பெரிய கேடு இதுதான்: பெருமை வேலைக்கு ஈடாக நின்றுவிடுகிறது.

அடுத்த முறை அந்தச் சேதி உங்கள் குழுவுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். மோசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழும் இருக்கிறது. சில வாக்கியங்களை உங்கள் குரலில் பதியுங்கள். நேரமிருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்கள்.