கூத்துக்கும் கூலி வேண்டும்

சித்தூர் தாலுக்காவின் எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்திலும், மூணாறு, பீர்மேடு தோட்ட லயங்களிலும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் தப்படிக்கவும் கரகமெடுக்கவும் இன்றும் ஆளுண்டு. திருவிழா முடிந்த மறுநாள் அவர்களுக்கு வேலையில்லை. பீர்மேட்டில் 2000-த்தை ஒட்டித் தோட்டங்கள் பூட்டப்பட்டபோது, தப்பைப் பரணில் போட்டுவிட்டுப் பஸ் ஏறியவர்களை நாம் அறிவோம். ஒரு துண்டைப் போர்த்தி அனுப்புவதையே கலைஞனைக் கௌரவிப்பதாக நினைக்கிறோம். நமது சங்க விழாவிலும் அதையேதான் செய்தோம்.

கூத்தாடிக்கு அரசாங்கச் சம்பளமா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1935-இல், பெரும் வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவே, அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசாங்கம் சாலை போடுகிறவனுக்குக் கொடுத்ததுபோல் நடிகனுக்கும் தையல்காரனுக்கும் கூலி கொடுத்து நாடகம் போடவைத்தது. ஹாலி ஃபிளானகன் என்ற அம்மையாரின் பொறுப்பில், உச்சகட்டத்தில் 12,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பெரும்பாலான காட்சிகள் இலவசம். நமக்கு வேண்டிய சங்கதி இனிமேல்தான். குடியேறியவர்களின் மொழிகளிலும் குழுக்கள் இருந்தன. ஃபிளோரிடாவின் டாம்பா நகரில், சுருட்டுத் தொழிலாளர் குடியிருப்பில், ஸ்பானிய மொழியில் நாடகம் நடந்தது. 1937-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு நிவாரண வேலையைச் சுருக்கும் சட்டம் வந்தது. அந்தக் குழு கலைந்தது. 1938-இல் விசாரணைக் கமிட்டி கம்யூனிஸ்ட் வேட்டை நடத்தியது. 1593-இல் செத்துப்போன மார்லோ என்ற நாடகாசிரியரும் கம்யூனிஸ்டா என்று ஒரு அங்கத்தினர் கேட்டாராம்! 1939 ஜூன் 30-இல் பணத்தை நிறுத்தி எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

இங்கே கேரள அரசு 2018-இல் ஆயிரம் இளம் கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை கொடுத்து, உள்ளூரில் கலை கற்பிக்கும் வேலையில் அமர்த்தியது. நல்ல காரியம். எல்லைப் பஞ்சாயத்துகளில் தமிழ்க் கலைக்கும் இதில் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறோம். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்துக்குக் கம்பராமாயணம்தானே பாடுகிறார்கள்? தமிழ் இந்த மண்ணுக்கு அந்நியமா?

ஓர் எச்சரிக்கை. ஜாதிச் சான்றிதழுக்கு 1950-க்கு முன் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டு நம் பிள்ளைகளை அலையவிட்டது போதும். தப்படிப்பவனிடமும் அதைக் கேட்கக் கூடாது. கலை தெரியுமா, கற்பிப்பாயா என்று மட்டும் கேட்கட்டும்.

அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். உங்கள் லயத்தில், உங்கள் தெருவில் இருக்கும் கலைஞர்களின் பெயர்களை எழுதி, கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.